மேரி ராபின்சன்: மசோதாவில் தோற்று வழக்கில் வென்றவர்

அனைவருக்கும் வணக்கம்.

மேரி ராபின்சன் என்றதும், 1990-இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனவர், பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் பேச வந்தது அதற்கு முந்தைய 20 வருஷத்தைப் பற்றி.

மேயோ மாவட்டத்து பாலினாதான் சொந்த ஊர். அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். கத்தோலிக்கக் குடும்பம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படிக்கும்போதே, 1967-இல், மாணவர் சட்டச் சங்கத்தின் தலைவராக மேடையேறி என்ன பேசினார் தெரியுமா? விவாகரத்துக்கு அரசமைப்புச் சட்டத்தில் உள்ள தடையை எடுங்கள். கருத்தடைச் சாதனங்களை அனுமதியுங்கள். ஒருபாலுறவு குற்றம் என்பதை விடுங்கள். அன்றைய அயர்லாந்தில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

1969-இல், 25 வயதில், அதே கல்லூரியில் சட்டப் பேராசிரியர். அதே வருஷம் செனட் உறுப்பினர். டிரினிட்டி பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப்போடும் இடம் அது. நம் மேலவையில் 1986 வரை பட்டதாரி தொகுதி இருந்ததே, அந்த மாதிரி. ஊர்ப் பாதிரியாருக்கோ கட்சித் தலைமைக்கோ பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் செனட்டில் என்ன நடந்தது? கருத்தடைச் சாதனங்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை விதித்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 1971-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். மசோதாவை அவையில் அறிமுகப்படுத்தும் முதல் வாசிப்பு என்பது வெறும் சடங்கு. யாரும் தடுக்க மாட்டார்கள். இவருடைய மசோதாவை அந்தப் படியிலேயே நிறுத்தினார்கள். வீட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன.

சட்டமன்றம் கதவைச் சாத்தினால் நீதிமன்றக் கதவைத் தட்டு என்பதுதான் இவர் கண்ட வழி. பெண்கள் தாமே விண்ணப்பித்தால் ஒழிய, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் உட்கார முடியாது என்ற 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கிலும் இவர் வழக்கறிஞர். அதில் வெற்றி. ஆனால் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது ஜொஹானா ஏரி (Airey) என்பவரின் வழக்கை.

அவர் கார்க் நகரத்துப் பெண், கடையில் வேலை. அடித்ததற்காகக் கணவனுக்கு 1972-இல் கோர்ட்டில் அபராதம் விழுந்தது. விவாகரத்துக்கு அன்று அரசமைப்புச் சட்டமே தடை. மிச்சமிருந்தது, சேர்ந்து வாழ வேண்டியதில்லை என்று உயர் நீதிமன்றம் தரும் பிரிவு ஆணை மட்டும். எதிர்ப்பே இல்லாத வழக்குக்கும் 500 பவுண்டுக்குமேல் செலவு. இந்த அம்மாவுக்கு 1978 கடைசியில் வாரச் சம்பளம் 40 பவுண்டுக்கு ஒரு பென்னி குறைவு. சிவில் வழக்குக்கு இலவச சட்ட உதவி அன்று அயர்லாந்தில் கிடையாது.

ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. அயர்லாந்து அரசு சொன்ன பதிலைக் கேளுங்கள்: வக்கீல் இல்லாமல் அவரே வாதாடலாமே, யார் தடுத்தது? இதற்கு விடை ஒரு கணக்கில் இருந்தது. 1972 முதல் 1978 வரை அயர்லாந்தில் தொடரப்பட்ட பிரிவு வழக்குகள் 255. வக்கீல் இல்லாமல் வந்த மனுதாரர் ஒருவர்கூட இல்லை! 1979 அக்டோபர் 9 அன்று தீர்ப்பு வந்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, கையில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாதாடியவர் மேரி ராபின்சன்.

இங்கே நமக்கும் ஒரு சங்கதி உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் 1937-ஆம் ஆண்டு அயர்லாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியவை. அந்த நெறிகளில் இலவச சட்ட உதவிக்கென 39ஏ பிரிவை 1976-இலேயே சேர்த்துவிட்டோம். நமக்கு முன்மாதிரியான நாடோ, ஸ்ட்ராஸ்பூர்க் சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு திட்டம் போட்டது. நம் உதவி எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்பது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது.

ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து டேவிட் நாரிஸ் என்பவருக்காக நடத்திய வழக்கும் அதே வழியில்தான் போனது. 1983-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் 3-க்கு 2 என்று தோல்வி. 1988-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் 8-க்கு 6 என்று வெற்றி.

குடியரசுத் தலைவரானதும் வாய்க்குப் பூட்டு. அரசு ஒப்புக்கொள்ளாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. நாட்டுக்குச் செய்தி விடுப்பதானாலும் அரசின் ஒப்புதல் வேண்டும். 1991-இல் பிபிசி அழைத்த சொற்பொழிவுக்கு அரசு அனுமதி தரவில்லை. தாம் பாடம் எடுத்த அரசமைப்புச் சட்டமே தம்மைக் கட்டியது; மீறவில்லை. அவர் மேல் எனக்கு மதிப்பு கூடிய இடம் இது.

நாரிஸ் தீர்ப்பின்படி சட்டம் திருந்த 1993 ஆயிற்று. ஜொஹானா ஏரி கேட்ட இலவச சட்ட உதவி, திட்டம் என்ற நிலையிலிருந்து முழுச் சட்டமாக 1995 டிசம்பர் ஆயிற்று. இரண்டிலும் குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்டவர், அந்த வழக்குகளில் வாதாடிய அதே வக்கீல்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். மைக் பின்வரிசைக்கும் வரும்.