பழைய டாக் ஸ்பீக்கர் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. நண்பர் ஒருவர் ஐபோன் 15 வைத்திருக்கிறாராம். போனை மேலே செருகி நிறுத்திப் பாட்டுக் கேட்கிற டாக் ஸ்பீக்கர் ஒன்று, பழசுதான், மலிவாக வருகிறதாம். அதை எடுக்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு போட்டுப் புளூடூத் ஸ்பீக்கரே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் அதன் மேலே இருக்கிற பின்னைப் பாருங்கள். விரலகலத்துக்குப் பட்டையாக இருந்தால் அது 30 பின், 2003இல் ஐபாடோடு வந்தது. சின்ன நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் லைட்னிங், 2012இல் ஐபோன் 5இல் வந்தது. உங்கள் போனில் இருப்பது டைப்-சி. இரண்டும் அதற்குள் போகாது.

டாக்கில் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். ஸ்பீக்கர் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், அதற்குள் போனின் வாய் இரண்டு தடவை மாறிவிடும். நான் ஆசைப்பட்டு வாங்கிய டாக்கும் அடுத்த போன் வந்ததும் பீரோ மேல் ஏறிவிட்டது. ஆண்ட்ராய்டில் கேட்கவே வேண்டாம், பழைய போன்களில் சார்ஜ் போடுகிற இடம் ஒன்றில் அடியில், ஒன்றில் பக்கவாட்டில், ஒன்றில் தலைமேல் என்று இருந்தது, எந்தப் போனுக்கென்று டாக் செய்வார்கள்?

நல்லதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பாடும்போதே சார்ஜ் ஏறும், இணைக்கிற தொல்லை கிடையாது, செருகினால் பாட்டு. ஆனால் போனுக்குப் போட்ட கவர் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் போன் சரியாக உட்காராது, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், நடுவில் அழைப்பு வந்து போனை உருவினால் பாட்டும் நின்றுவிடும். புளூடூத்தில் போன் சட்டைப் பையிலேயே இருக்கலாம், பத்து மீட்டர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை, குறுக்கே சுவர் வந்தால் குறையும். என்ன, உருக்கமான பாட்டுக்கு நடுவில் வாட்ஸ்அப் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

ஒலித்தரம் போய்விடுமே என்று பயப்படாதீர்கள். புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது, உண்மைதான், ஆனால் மேஜையில் வைக்கிற அளவு ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரிவது கஷ்டம், பெட்டியும் உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கோனும் எவ்வளவு பெரிது என்பதுதான் முதலில் தெரியும். இன்னொன்று, பெட்டியில் எல்டாக் (LDAC, புளூடூத்தில் பாட்டைக் குறைவாகச் சுருக்கி அனுப்புகிற ஒரு முறை) என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஐபோனில் எல்டாக் கிடையாது, ஏஏசி (AAC) என்கிற வேறொரு சுருக்கு முறையில்தான் பாட்டுப் போகும். கேம் விளையாடுகிறவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள், புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், துப்பாக்கி சுட்ட பிறகுதான் கேட்கும்.

அதனால் என் ஓட்டு புளூடூத்துக்குத்தான். வாங்கும்போது திருப்பிப் பார்த்து ஆக்ஸ் ஓட்டை (ஒயர் செருகிப் பாட்டுக் கேட்கிற ஓட்டை) இருக்கிற ஸ்பீக்கராக எடுங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டே பாடுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் மூன்று நான்கு வருஷத்தில் பேட்டரிதான் முதலில் தளரும்.

அந்தப் பழைய டாக்கை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார் என்றால் அதன் பின்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே ஆக்ஸ் இருந்தால் போனின் டைப்-சியில் ஆக்ஸ் ஒயரைச் செருக உதவுகிற அடாப்டர் ஒன்று போட்டு ஒயரிலேயே கேட்கலாம். 30 பின்னாக இருந்தால், அந்தப் பின்னிலேயே செருகுகிற தீப்பெட்டி அளவு புளூடூத் ரிசீவரும் கிடைக்கிறது, போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏறாது. பீரோ மேல் கிடந்த என்னுடையது இப்போது அப்படித்தான் சமையலறையில் பாடிக்கொண்டிருக்கிறது.