நவம்பர்ல போட்டியே இல்ல! பென்சில்வேனியாவோட குட்டி ஜட்ஜ் தேர்தல்

வணக்கம் மக்களே. பென்சில்வேனியாவுல, இங்க பிட்ஸ்பர்க்ல, ரோட்டோரப் புல்தரையில குத்தி வச்சிருக்கிற அட்டை போர்டுகளைப் பார்த்திருப்பீங்க. பேரு பெருசா இருக்கும். கீழ பொடி எழுத்துல ‘மேஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்’னு போட்டிருக்கும். ஆமாங்க, ஜட்ஜ்தான். ஓட்டு கேக்குற ஜட்ஜ். நம்ம ஊர்ல மாஜிஸ்திரேட் ஆகணும்னா சட்டம் படிச்சு, பரீட்சை எழுதி, இன்டர்வியூ தாண்டி வரணும். இங்க ஜனங்ககிட்ட வந்து நிக்கணும். 6 வருஷப் பதவி.

சின்ன பதவிதானேன்னு விட்டுடாதீங்க. ஸ்பீடிங் டிக்கெட்டை எதிர்த்து நின்னா இவர்கிட்டதான் போவீங்க. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டா இவர்தான். நீங்க காலி பண்ணி 30 நாள் ஆகியும் ஓனர் அட்வான்ஸையும் தரல, எதுக்குப் பிடிச்சேன்னு கணக்கும் தரலன்னா, நீங்க போய் நிக்கிறதும் இவர் முன்னாடிதான். 12,000 டாலர் வரைக்கும் சிவில் கேஸ் பார்ப்பார். யாரையாவது அரெஸ்ட் பண்ணா பொதுவா முதல்ல பெயில் முடிவு பண்றதும், இந்தக் கேஸ் மேல் கோர்ட்டுக்குப் போற அளவுக்கு இருக்கான்னு பார்க்கிறதும் இவரேதான். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் யாருன்னு வாய் வலிக்கப் பேசுறோம். அங்க நம்மள்ல எத்தனை பேர் போகப்போறோம்?

இதுல ஒண்ணு கேட்டா ஆடிப்போயிடுவீங்க. இவர் வக்கீலா இருக்கணும்னு அவசியமே இல்ல! 21 வயசு ஆகியிருக்கணும், அந்த ஏரியாவுல ஒரு வருஷம் குடியிருக்கணும். வக்கீல் இல்லாதவங்க 4 வாரக் கோர்ஸ் முடிச்சுப் பரீட்சை பாஸ் பண்ணணும். அவ்வளவுதான்.

இது சரியான்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஒரு கேஸ் போயிருக்கு, 1976ல. கென்டக்கியில ஒருத்தரைக் குடிச்சுட்டு வண்டி ஓட்டினதா பிடிச்சாங்க. விசாரிச்ச ஜட்ஜ் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, சட்டம் படிக்காதவர். 30 நாள் ஜெயில்னு தீர்ப்பு சொல்லிட்டார். முதல் தடவைக்கு அந்தச் சட்டத்துல ஜெயிலே கிடையாது, அபராதம் மட்டும்தான்! ஆனாலும் சுப்ரீம் கோர்ட், வக்கீல் இல்லாத ஜட்ஜ் இருக்கலாம்னுதான் சொல்லுச்சு. ஏன்னா, மேல் கோர்ட்ல வக்கீல் ஜட்ஜ் முன்னாடி முதல்ல இருந்து விசாரிக்கச் சொல்ற உரிமை இருக்கே. பென்சில்வேனியாவுலயும் அது உண்டு. பொதுவா 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொன்ன தீர்ப்புன்னா 10 நாள்தான், அசந்துடாதீங்க.

எனக்கு வக்கீல் இல்லாதது பெரிய குறையாத் தெரியல. தேர்தல் நடக்கிற விதம்தான் உறுத்துது. நவம்பர் தேர்தலுக்கு முன்னாடி, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யாருன்னு ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கும், அதுதான் பிரைமரி. இந்தப் பதவிக்கு ஒரே ஆள் டெமாக்ரடிக், ரிபப்ளிகன் ரெண்டு கட்சி பிரைமரியிலயும் நிக்கலாம். கிராஸ் ஃபைலிங்னு சொல்லுவாங்க. ஜட்ஜுக்குக் கட்சி எதுக்குங்கிற நியாயம் புரியுது. ஆனா ரெண்டு பிரைமரியிலயும் ஒருத்தரே ஜெயிச்சுட்டார்னா? நவம்பர் ஓட்டுச் சீட்டுல பெரும்பாலும் அவர் பேரு மட்டும்தான். மே மாசமே கதை முடிஞ்சிருக்கும்.

இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க. சிட்டிசன்ஷிப் வாங்கின கையோட ஓட்டுக்குப் பதிவு பண்றப்போ, ‘நமக்கு எதுக்குங்க கட்சி வம்பு’ன்னு எந்தக் கட்சியும் இல்லன்னு டிக் பண்ணிடுறாங்க. பென்சில்வேனியாவுல பிரைமரி அந்தந்தக் கட்சியில பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்தான். அப்போ உங்க டிக்கெட்டையும் வாடகைக் கேஸையும் பார்க்கப்போற ஜட்ஜை உங்க பக்கத்து வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பார், நீங்க நவம்பர்ல போய் இருக்கிற ஒரே பேரைக் குத்திட்டு ‘ஓட்டு போட்டாச்சு’ன்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வருவீங்க.

ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்தா அந்தக் கட்சிக்கு அடிமைன்னு அர்த்தம் இல்ல. நவம்பர்ல யாருக்கு வேணும்னாலும் போடலாம். பிரைமரிக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் ஆன்லைன்லயே மாத்திக்கலாம். இந்தத் தேர்தல் ஒற்றைப்படை வருஷத்துல வரும், பிரைமரி மே மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை. உங்க ஏரியா ஜட்ஜ் பதவிக்காலம் எப்போ முடியுதுன்னு கவுன்ட்டி எலெக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க.

கிரீன் கார்டு, எச்1பி-ல இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதைக் கேட்டுட்டு எங்கயும் பதிவு பண்ணிடாதீங்க, பெரிய சிக்கல் ஆயிடும். நீங்க அந்த அப்பீல் நாள் கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. சரி, பார்க்கலாம் மக்களே.