உப்பும் ஈரமும்: மம்மியைத் தின்னும் கிருமிகள்

தலைவர் அய்யா அவர்களே, வேகாத வெயிலில் ஏணி போட்டு மைக் கட்டிய தம்பிகளே, முன்வரிசையில் விசிறிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, இன்னும் வந்துசேராத சிறப்பு விருந்தினர் அவர்களே (வந்ததும் பொன்னாடை உண்டு), கடலூர் முதுநகர் மக்களே, வணக்கம்.

மம்மி, அதாவது கெடாமல் காய்ந்து நிற்கும் பழங்காலப் பிணம், எப்படிக் கெடுகிறது என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஈரம், பூஞ்சை, எகிப்து ராஜா.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார் எங்கள் பாட்டி. செத்த உடம்பைக் குடலிலிருக்கும் பாக்டீரியாதான் முதலில் தின்ன ஆரம்பிக்கும். அதனால் எகிப்தியர்கள் குடலை எடுத்துவிட்டு, நேட்ரான் என்ற உவர் உப்பில் உடம்பைப் போட்டு நீரை உறிஞ்ச விட்டார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் கிருமிக்கு வேலையில்லை. ஆனால் எல்லாம் சாகாது, சிலது சும்மா கிடக்கும்.

என் அத்தை ஒரு ஐப்பசி அடைமழையில் வாளைக் கருவாட்டுப் பானையை அரைகுறையாக மூடி வைத்துவிட்டார். பத்து நாள் கழித்துத் திறந்தால் கருவாடெல்லாம் ரோஸ் நிறம்! மாமா ரத்தம் என்று அலற, பக்கத்து வீட்டம்மா செய்வினை என்று அடித்துச் சொல்ல, எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காய் உடைத்து, கடைசியில் பானையையே உப்பனாற்றில் விட்டோம். அது உப்பிலேயே குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர் என்று எனக்குத் தெரியவரும்போது அத்தை போய்ச்சேர்ந்துவிட்டார்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அரிக்கா ஊரிலும் இதே ஈரம்தான். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான சின்சோரோ மக்களின் மம்மிகள் சுமார் 7000 வருஷம் பாலைவன வறட்சியில் கெடாமல் கிடந்தவை. அருங்காட்சியகத்தில் சிலவற்றின் தோல் கறுத்துக் கூழாகிவிட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ரால்ஃப் மிட்செல் குழு பன்றித்தோலில் சோதித்துப் பார்த்து 2015இல் சொன்னது, குற்றவாளி புதுக் கிருமி இல்லை, மனுசன் தோலில் சாதாரணமாக ஒட்டியிருக்கும் வகையறாதான், காற்றில் ஈரம் ஏறியதும் அதற்குப் பந்தி விரித்தாகிவிட்டது என்று. ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லதாம்.

எகிப்து ராஜா இரண்டாம் ராம்சேசின் மம்மிக்குப் பூஞ்சை பிடித்து, 1976இல் பாரீசுக்குப் பறந்து, காமா கதிர் வாங்கிய கதை பெரிய கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விடுங்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஏட்டுச் சுவடிகளும் பழைய பத்திரங்களும் ஓர் அறையில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கின்றன. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், போன வாரம் ஒரு கட்டைத் தொட்டேன், விரலில் பச்சையாக ஒட்டியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, ஒழுகும் அறையில் வைத்த சுவடியும் குப்பையிலே. கூரையை அடைத்து, ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வையுங்கள் என்றுதான் ஆறு மாதமாகக் கரடியாய்க் கத்துகிறோம்.

வாசலில் மனு நோட்டு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.