நேற்று இரவு என்னையும் ஊதச் சொன்னார்கள்! (மச்சான் ஹெல்மெட்டைக் கிண்டல் செய்தவர்கள் கட்டாயம் பார்க்கவும்)

வணக்கம். ஸ்டாண்டைத் தேடப் பொறுமையில்லை, கையில் பிடித்துக்கொண்டே பேசுகிறேன். படம் ஆடினால் சகித்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு போலீஸார் என்னை மடக்கி ஊதச் சொன்னார்கள். மோருக்கு மேல் எதையும் தொடாதவன் என்று நீங்கள் எல்லோரும் கிண்டல் செய்கிற என்னைத்தான்!

மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டைப் பற்றித் தனி வீடியோ வரும், பாதாம் அல்வாவுக்கே பத்து நிமிடம் வேண்டும். முடித்துவிட்டுத் திருவான்மியூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடையாறு திரு.வி.க. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரும்புத் தடுப்புகள், விசில், டார்ச் விளக்கு. "சார், ஓரமாக நிறுத்துங்கள். இதில் ஊதுங்கள்."

அட, முக்கியமான ஆளை விட்டுவிட்டேன். பின்னால் மச்சான் உட்கார்ந்திருந்தார். வரவேற்பின் நடுவில் அவர் எங்கே காணாமல் போனார், யாருடன் போனார் என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலும் இந்தச் சேனலைப் பார்க்கிறார்கள். ஆனால் வாசனைக்கு அந்த நாகரிகம் தெரியாதே. காவலர் என் முகத்தருகே வந்ததும் அவர் மூக்கு சுருங்கியது, பார்வை என் மேல் நின்றது.

ஊதத் தயார்தான். ஆனால் கருவியில் ஏற்கெனவே ஒரு குழாய் செருகியிருந்தது. எனக்கு முன்னால் யார் ஊதினாரோ! கொரோனா வந்த 2020இல் இப்படி ஊதச் சொல்வதையே நிறுத்தி வைத்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. "சார், புதுக் குழாய் போடுங்கள், ஊதுகிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் குழாயைப் பார்த்தேன். பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவருக்கு என்ன அவசரமோ, அடுத்து ஊத வேண்டியவரே அவர்தான். கடைசியில் காவலர் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, என் கண் முன்னாலேயே கிழித்து, புதுக் குழாயைச் செருகினார். உறை கிழிந்த சத்தம் நாதஸ்வரம் மாதிரி இருந்தது எனக்கு. நீங்களும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.

ஊதினேன். பூஜ்ஜியம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால்தான் வழக்கு. மோருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

"அப்படியானால் பின்னால் இருப்பவர்?" என்றார் உதவி ஆய்வாளர். "அவர் ஓட்டவில்லை சார், உட்கார்ந்து வருகிறார், அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். குடித்தவர் பின்னால் உட்காரலாம். குடித்தவர் ஓட்ட, குடிக்காத நீங்கள் பின்னால் உட்கார்ந்தால்தான் வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆவது பிரிவு ஓட்டுபவருக்கு, 188 அதற்கு உடந்தையாக இருப்பவருக்கு. 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தபோதே, கூட வருபவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை சொல்லிவிட்டது. முன்பு 2,000 ரூபாய் வரை இருந்த அபராதம் இப்போது 10,000. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இரண்டாம் முறை சிக்கினால் 15,000, சிறை இரண்டு ஆண்டு வரை. அங்கேயே பணத்தை நீட்டிவிட்டுப் போக முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். வண்டியும் போலீஸ் கையில் போய்விடும். ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் தப்ப முடியாது, மருத்துவமனையில் ரத்தம் எடுப்பார்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் அவர்களுக்கும் கெடு வைத்திருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருகிறேன். போன மாதம் மச்சானுக்காக ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 950 ரூபாய்க்கு வாங்கினேன். "பின்னால் உட்காருபவருக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கீழே எத்தனை பேர் சிரித்தீர்கள்! நேற்று உதவி ஆய்வாளர் டார்ச்சை முதலில் அடித்தது மச்சான் தலையில்தான். ஹெல்மெட் இருந்தது. நாடாவும் மாட்டியிருந்தது, அவருக்கு அந்த நிதானம் இல்லை, புறப்படும்போது நான்தான் மாட்டிவிட்டேன். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000. எனக்கு 50 ரூபாய் லாபம், ஹெல்மெட் இலவசம். சிரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இட்லிக் கடை வீடியோவுக்குக் கீழே, "அண்ணா, எந்தச் சாலையில் சோதனை இல்லை என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் "பாலத்துப் பக்கம் வராதே, ஊதச் சொல்கிறார்கள்" என்று பொதுச்சேவை மாதிரி அனுப்புகிறார்கள். எரிச்சலாக வருகிறது. அந்த ஆள் பாலத்தை விட்டுவிட்டு எந்தத் தெருவுக்குள் நுழைவான்? என் தெருவுக்குள். பத்து மணிக்கு டாஸ்மாக் மூடியதும் அங்கே குழந்தைகள் இன்னும் ஷட்டில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இதில் "அரசே விற்றுவிட்டு அரசே பிடிக்கிறது" என்று ஒரு தத்துவம் வேறு. விற்பதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் சாவியை யாரும் உங்கள் கையில் திணிக்கவில்லையே. ஆட்டோக்காரர் 300 கேட்டால் அநியாயம் என்கிறீர்கள், 10,000 கட்டும்போது மட்டும் வாய் திறப்பதில்லை.

ஆகவே வழி கேட்கும் பின்னூட்டங்களை அழித்துவிடுவேன், வருத்தப்படாதீர்கள். அடுத்த வீடியோ பாதாம் அல்வா. ஹெல்மெட்டின் நிறத்தைக் காட்டச் சொல்லியிருந்தீர்கள், இன்று முடியாது. மச்சான் அதையே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.