பதினொன்று வரை பொறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காதால் மட்டும் கேட்டால் எண்கள் நழுவிவிடும்.

3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16. கூட்டினால் 25, அது 5-இன் வர்க்கம். 20, 21 எடுத்தாலும் அப்படித்தான்: 400-உம் 441-உம் சேர்ந்து 841, அதாவது 29-இன் வர்க்கம். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடப்பது மூன்று எண்களுக்கும் நடக்குமா?

1, 4, 9 சேர்ந்தால் 14. ஓர் எண் தள்ளித் தொடங்கினால் 29. அப்புறம் 50, 77, 110. ஒன்றுகூட வர்க்க எண் இல்லை. இப்படியே ஆயிரம் வரை போகலாம், ஆனால் தேவையில்லை. ஒவ்வொன்றையும் 3-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி எப்போதும் 2. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை, நடு எண்ணின் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கும் கூடவே ஒரு 2-உம் என்பதுதான் காரணம். எந்த வர்க்க எண்ணையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும். 2 வரவே வராது. முடிவில்லாத சோதனையை இந்த ஒரு மீதி முடித்துவைக்கிறது. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, நான்கு எண்கள்? 4-ஆல் வகுத்தால் மீதி 2. அதுவும் வர்க்கத்துக்கு ஆகாது. ஐந்து எண்கள் முதல் பத்து எண்கள் வரையான கூட்டல்களும் இதேபோல் ஏதாவது ஒரு மீதியில் மாட்டிக்கொள்கின்றன. இவ்வளவும் பார்த்தபின், இரண்டு எண்களுக்கு மேல் கிடையவே கிடையாது என்று எழுதி அடிக்கோடு போடத் தோன்றும்.

ஆனால் 18 முதல் 28 வரை உள்ள பதினொரு எண்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். 5929 வரும். அது 77-இன் வர்க்கம்! கூட்டும் எண்கள் எத்தனை என்பதை நீளம் என்று வைத்துக்கொண்டால், 3 முதல் 10 வரை எட்டு நீளங்களுக்குத் தாக்குப்பிடித்த ஊகம் ஒன்பதாவதில் உடைந்துவிட்டது.

உடையாத ஊகமும் உண்டு. 1 முதல் 24 வரை வர்க்கங்களைக் கூட்டினால் 4900, அதாவது 70-இன் வர்க்கம். 1-இலிருந்து தொடங்கும் கூட்டல்களில், 1-ஐ விட்டால் இது ஒன்றே என்று 1875-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார்ட் லூக்கா சொன்னார். முழு நிரூபணத்தை 1918-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வாட்சன் தந்தார். இன்று கணினியில் கோடி வரை நொடிகளில் சோதித்துவிடலாம். கோடிக்கு அடுத்த எண்ணைப் பற்றி அந்தச் சோதனை வாய் திறக்காது.

பதினொன்றுக்குப் பிறகு 12 முதல் 22 வரையான நீளங்களில் மறுபடியும் ஒன்றும் கிடைக்காது. அடுத்த நீளம் 23. 7-இல் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.