நாற்காலிக்கு முன்னாடி ஒரு ஆட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். என்ன தலைப்புன்னு கேட்டு போன் பண்ணப்ப "வெல்ஷ் கவிஞர் ஒருத்தரைப் பத்தி பேசறேன்"னு சொன்னேன், உடனே அந்தப் பக்கத்துல இருந்து "ஓ, டிலன் தாமஸா?"ன்னாங்க. இல்லங்க. டிலன் தாமஸ் பெரிய ஆளு, மறுக்கல, ஆனா அவர் எழுதினது இங்கிலீஷ்ல. நான் பேசப்போறவர் வெல்ஷ்லயே, அதாவது பிரிட்டன்ல இருக்கற வேல்ஸோட சொந்த மொழியிலயே எழுதினவர், 30 வயசுல போய்ச் சேந்தவர். பேரு ஹேத் வின்.

முதல்ல அந்தப் பேரைச் சரியா சொல்லிப் பழகிடுவோம். நான் லிவர்பூல் பக்கம் சில வருஷம் வேலை பாத்தப்ப எழுத்தைப் பாத்துட்டு "ஹெட் வின்"னு சொன்னேன், கூட வேலை பாத்த வெல்ஷ் அம்மா ஒருத்தங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. "டி இல்லப்பா, நாக்கைப் பல்லுக்கிட்ட கொண்டு போ"ன்னு அவங்க சொல்லிக்காட்டினா, அட, நம்ம 'அது'ல வர்ற த! இங்கிலீஷ்காரங்க இந்த மொழியில ஊர்ப்பேர் வாசிக்கத் தடுமாறுவாங்க, எனக்கு அன்னைக்கு ஒரு சத்தமாவது ஈஸியா வந்துருச்சேன்னு சின்ன சந்தோஷம்.

இவரைப் பத்தி யார் பேசினாலும் ஒரு நாற்காலியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. கறுப்புத் துணி போத்தின நாற்காலி. நானும் அந்த நாற்காலி வழியா தான் இவர்கிட்ட வந்தேன், அதுக்கு இன்னைக்கும் கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஏன்னா அந்தச் சாவு இல்லாம இருந்தா இவரை நான் படிச்சிருப்பேனான்னு கேட்டா பதில் இல்ல. அதனால இன்னைக்கு நாற்காலி கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும், முதல்ல ஆடுங்களைப் பாப்போம்.

நிஜப்பேரு எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். 1887 ஜனவரி 13, வட வேல்ஸ்ல ட்ராஸ்வனித்ங்கற மலை ஊர்ல பொறந்தார். மொத்தம் 11 பிள்ளைங்க, இவர்தான் மூத்தவர். பொறந்து சில மாசத்துலயே குடும்பம் அர் அஸ்குர்ன்ங்கற பண்ணைக்குக் குடிபோச்சு, 168 ஏக்கர்னு சொன்னா நமக்கு ஜமீன் மாதிரி தோணும், ஆனா அது கல்லும் புல்லும் மழையும்தான், ஆடு மேய்க்கலாம், பெருசா வேற ஒண்ணும் வராது. பள்ளிக்கூடம் 14 வயசோட சரி. அப்புறம் அப்பாகூட ஆடு மேய்ச்சார். நடுவுல தெற்கு வேல்ஸ்ல நிலக்கரி வேலைக்குப் போனார், அது ஒத்துவரல, கொஞ்ச நாள்லயே திரும்பிட்டார். ஆட்டு வேலையிலயும் பெரிய கெட்டிக்காரன்னு யாரும் சொன்னதில்ல, ஆடு ஒரு பக்கம் போகும், இவர் மனசுக்குள்ள ஒரு அடியை உருட்டிக்கிட்டு இன்னொரு பக்கம் போவாராம். எனக்கு இவரைப் புடிச்சதே இங்க தான்.

அடி உருட்டறதுன்னு சும்மா சொல்லிட்டேன், அது என்ன வேலைன்னு கொஞ்சம் பாக்கணும். வெல்ஷ் மரபுக்கவிதையில கங்ஹானெத்னு ஒரு கட்டுப்பாடு. நம்ம மோனை எதுகைல சீரோட முதல் எழுத்தும் ரெண்டாம் எழுத்தும் ஒத்துவந்தா போதும், புலவர் நிம்மதியா தூங்கலாம். அங்க ஒரே வரியை ரெண்டா ஒடைக்கணும், முதல் பாதியில மெய்யெழுத்துச் சத்தம் எந்த வரிசையில வருதோ அதே வரிசையில ரெண்டாம் பாதியிலயும் வரணும், உயிர்ச் சத்தம் மட்டும் மாறிக்கலாம். தமிழ்ல நானே ஒண்ணு ஒப்பேத்திப் பாத்தேன்: "காடு மலை, கூடு முல்லை". அர்த்தம் கேக்காதீங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க. க-ட-ம-ல, க-ட-ம-ல. இந்த ரெண்டு சொல் ஜோடிக்கு எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. கங்ஹானெத்ல இது ஒரு வகைதான், வேற வகைகளும் இருக்கு. அந்த மனுஷன் ஆட்டுக்குப் பின்னாடி நடந்துக்கிட்டே நூத்துக்கணக்குல இப்படி வரி கட்டினார், அதுவும் பள்ளிக்கூடத்தை 14 வயசுல விட்டவர். இதுல ஒரு விஷயம் இருக்கு. வேல்ஸ்ல இது படிச்சவங்க மட்டும் வச்சிருந்த சொத்து இல்ல, பண்ணைக்காரன், கல் குவாரித் தொழிலாளி, சர்ச் போதகர்னு எல்லாரும் எழுதினாங்க, எல்லாரும் போட்டிக்கு அனுப்பினாங்க.

அந்தப் போட்டிக்குப் பேரு ஐஸ்தெத்வொட். கவிதை, பாட்டு, இசைன்னு ஊர் ஊரா நடக்கற திருவிழா, அதுல மரபுக்கவிதைக்குப் பரிசு என்னன்னா ஒரு நாற்காலி. நிஜமாவே மரத்துல செஞ்ச நாற்காலி, ஜெயிச்சவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம். இவர் 1907-ல, 20 வயசுல, பாலாங்கற ஊர்ல முதல் நாற்காலி வாங்கினார். அப்புறம் வரிசையா இன்னும் நாலு. அந்தச் சின்னப் பண்ணை வீட்டுல உக்கார ஆள் கம்மி, நாற்காலி ஜாஸ்தின்னு ஆயிருக்கும் (இது என் கற்பனை, 11 பிள்ளைங்க இருந்த வீட்டுல அப்படி ஆயிருக்க வாய்ப்பில்ல).

1910-ல ஊர்க் கவிஞர்கள் கூடின ஒரு சடங்குல வச்ச பேருதான் ஹேத் வின். ஹேத்னா அமைதி. வின்னா வெள்ளை, தூய்மையானதுங்கற அர்த்தமும் உண்டு. பள்ளத்தாக்கு மூடுபனிக்குள்ள வெயில் இறங்கறதை வச்சு வந்த பேருன்னு சொல்வாங்க. போர்ல செத்தவருக்கு அமைதின்னு பேருங்கற முரணை எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். பெரிய ஐஸ்தெத்வொட் மேடையில தலைமைக் கவிஞர் முன்னாடி ஒரு பெரிய வாள் வரும், அதை உறையில இருந்து பாதிதான் உருவுவாங்க, முழுசா உருவவே மாட்டாங்க. அப்ப அவர் கூட்டத்தைப் பாத்து "அமைதி இருக்கா?"ன்னு கேப்பார், கூட்டம் மொத்தமும் "அமைதி!"ன்னு கத்தும், மூணு தடவை. அந்த அமைதிக்கு அவங்க சொல்ற சொல்லுலயும் இதே ஹேத் தான் இருக்கு.

முதல் உலகப் போர் வந்துச்சு. ட்ராஸ்வனித்துக்கு பீரங்கிச் சத்தம் புதுசு இல்ல, 1900களோட ஆரம்பத்துலயே அங்க ராணுவ முகாமும் பீரங்கிப் பயிற்சி மைதானமும் வந்தாச்சு. ஆனா இவருக்கு சண்டைக்குப் போற ஆசை துளியும் கிடையாது. 1916-ல கட்டாய ராணுவச் சட்டம் வந்துச்சு, குடும்பத்துல ஒரு பையன் போயே ஆகணும்ங்கற நிலைமை, தம்பி ராபர்ட் சின்னப்பையன், அண்ணன் "நான் போறேன்"னுட்டார். வீரம் கீரம்லாம் இல்ல, தம்பிக்குப் பதிலா அண்ணன், அவ்வளவுதான். 1917 ஆரம்பத்துல லிவர்பூல் பக்கத்துல லிதர்லண்ட் முகாம்ல பயிற்சி. ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ்ங்கற படைப்பிரிவு, 15-வது பட்டாலியன்.

அந்த வருஷம் தேசிய ஐஸ்தெத்வொட்ல குடுத்த தலைப்பு என்ன தெரியுமா, 'வீரன்'. முந்தின வருஷம் இதே போட்டியில ரெண்டாவது வந்தவர் இவர், விடுவாரா. பண்ணை வேலைக்குன்னு லீவுல வந்த மனுஷன் அடுப்புப் பக்கத்து மேஜையில உக்காந்து இதை எழுதிக்கிட்டு இருந்தார். குடும்பத்துல சொல்ற கதை இது: அந்த வருஷம் ஒரே மழை, வேலை முடியல, லீவு முடிஞ்சும் ஒரு வாரம் கூட தங்கிட்டார், ராணுவப் போலீஸ் வந்து வைக்கோல் வயல்ல இருந்தே புடிச்சுட்டுப் போயிருச்சு, போற அவசரத்துல கவிதை மேஜை மேலயே கெடந்துருச்சு, மனுஷன் போற வழியில மொத்தத்தையும் ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதினார். கிட்டத்தட்ட 500 வரிங்க, கங்ஹானெத் கட்டினது! இன்னைக்கும் ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணு அபெரிஸ்ட்வித்ல, ஒண்ணு பாங்கர்ல. மெய்யெழுத்து வரிசை மாறாத கவிதைங்கறதால தான் இது முடிஞ்சிருக்கும்னு நான் நினைக்கறேன், நாம வாய்ப்பாட்டை ராகம் போட்டு மனப்பாடம் பண்ண மாதிரி, ஒரு சத்தம் அடுத்த சத்தத்தைக் கூப்பிட்டுக்கும்.

பிரான்ஸ்ல இருந்து எழுதின கடிதத்துல கனமான வானிலை, கனமான ஆத்மா, கனமான மனசு, நல்ல மும்மூர்த்திங்க இதுன்னு கிண்டலா எழுதியிருப்பார். அங்கேயே கவிதையை முடிச்சு 'ஃப்ளூர் த லீ'ங்கற புனைபேர் போட்டு தபால்ல அனுப்பிட்டார். 1917 ஜூலை 31, பெல்ஜியத்துல பில்கெம் ரிட்ஜ், பாஷன்டேல் சண்டையோட முதல் நாள். அன்னைக்கு அடிபட்டு அன்னைக்கே இறந்தார். அயர்லாந்துக் கவிஞர் ஃப்ரான்சிஸ் லெட்விட்ஜ் செத்ததும் அதே நாள்ல, அதே பகுதியில, ரெண்டு பேருக்கும் கல்லறை ஒரே இடுகாட்டுல.

இப்ப நாற்காலிக்கு வர்றேன். செப்டம்பர் 6, பெர்கன்ஹெட்ங்கற ஊர்ல தேசிய ஐஸ்தெத்வொட். மேடையில பிரதமர் லாயிட் ஜார்ஜ், அவரும் வெல்ஷ்காரர்தான். ஜெயிச்ச புனைபேரைக் கூப்பிடறாங்க. யாரும் எந்திரிக்கல. மறுபடி கூப்பிடறாங்க, மூணு தடவை. அப்புறம் தலைமைக் கவிஞர் டவெட் சொல்றார், இவர் போர்ல இறந்துட்டார்னு. நாற்காலி மேல கறுப்புத் துணி போத்தினாங்க. விழா கண்ணீர்ல, கவிஞன் கல்லறையிலன்னு அவர் சொன்ன வாக்கியம் இன்னைக்கும் வெல்ஷ்காரங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியைச் செதுக்கினவர் யாருன்னா யூஜீன் வான்ஃப்ளெட்டரன், ஜெர்மன் படை வந்ததால பெல்ஜியத்துல இருந்து தப்பிச்சு பெர்கன்ஹெட்ல தஞ்சம் புகுந்த தச்சர். எந்த நாட்டை விட்டு அவர் ஓடிவந்தாரோ அந்த மண்ணுலதான் இவர் கெடக்கார்.

இதைக் கேட்டா யாருக்கும் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைக்குது. ஆனா 'வீரன்' கவிதையை மொழிபெயர்ப்புல ரெண்டு தடவை படிச்சவன்ங்கற முறையில சொல்றேன், அது லேசுல உள்ள விடற கவிதை இல்ல, உருவகத்து மேல உருவகம். வெல்ஷ்காரங்க வாயில புழங்கறது அவரோட சின்னக் கவிதைங்கதான். 'போர்'னு ஒண்ணு இருக்கு, மூணே பத்தி. இப்படி ஒரு கொடூரமான காலத்துல வாழ நேர்ந்துச்சே, கடவுள் தூரத்து அடிவானத்துல வத்திப் போறாரேன்னு ஆரம்பிக்கும். முடிவுல, பழைய கின்னரங்கள் எல்லாம் அலரிச்செடி கிளையில தொங்குது (பைபிள் படிச்சவங்களுக்கு 137-ஆம் சங்கீதம் ஞாபகம் வரும்), பையன்களோட அலறல் காத்து முழுக்க, அவங்க ரத்தம் மழையோட கலந்து. எதிரின்னு ஒரு சொல் கெடையாது, நாடுன்னு ஒரு சொல் கெடையாது, மழைதான் இருக்கு, அந்த ஊர்க்காரனுக்கு மழை நல்லாவே தெரியும்.

1923-ல ஊர்ல சிலை வச்சாங்க. ராணுவ உடுப்புல இல்ல, ஆட்டுக்காரனா. திறந்து வச்சது அவங்கம்மா. அடியில செதுக்கியிருக்கற நாலு வரியும் அவர் எழுதினதுதான், போர்ல செத்த வேற ஒருத்தருக்கு: அவன் தியாகம் மறைஞ்சு போகாது, அந்த அன்பான முகம் மறந்து போகாதுன்னு. அடுத்தவனுக்கு எழுதினது தனக்கே வந்து நின்னுச்சு.

மகனைத் தேடி வர்றவங்களுக்காக வீட்டுக் கதவைத் தொறந்தே வச்சிருக்கணும்னு அந்தம்மாவுக்குப் பேரன் வாக்கு குடுத்தார். பல வருஷம் பண்ணையையும் பாத்துக்கிட்டு, வந்தவங்களுக்கு அவரே சுத்திக்காட்டினார். 2012-ல ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகம் வீட்டை வாங்கிச்சு. நான் போனது ஒரு மழை நாள். ஆறு நாற்காலியும் இருக்கு, அந்தக் கறுப்பு நாற்காலி உட்பட, எல்லாரும் அது முன்னாடிதான் நிக்கறாங்க. நான் சமையலறை மேஜைகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வெளிய வந்தேன். கீழ ஏரி, ஏரிக்கரையில 1991-ல மூடின அணுமின் நிலையத்தோட ரெண்டு பெரிய டப்பா. அவர் பாத்த பள்ளத்தாக்குல ஏரியும் கெடையாது, அதுவும் கெடையாது. ப்ரஸர் ஆறு மட்டும் இருந்துச்சு. அதைப் பத்தி அவர் எழுதின நாலு வரி, நேரமாச்சுன்னு சீட்டு வந்துருச்சு, இதைச் சொல்லிட்டு உக்காந்துடறேன். என் தமிழ்ல கங்ஹானெத் எல்லாம் எதிர்பாக்காதீங்க.

ஊதா நிலா ஒண்ணு மட்டும்
மொட்டை மலை விளிம்புல;
பழைய ப்ரஸர் ஆத்துச் சத்தம்
பள்ளத்தாக்குல பாடிக்கிட்டு.