படகின் மூக்கைக் கட்டுங்கள்

நெல்லைச் சீமை நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அகலமான துடுப்பைப் போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான படகு. பாளையங்கோட்டையில் இருக்கிற எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. விடுமுறை வந்தால் பிள்ளைகளோடு காயல் பக்கம் கிளம்பிவிடுவோம். தண்ணீரில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் அதைக் கார் மேல் எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம். நாகர்கோவில் பக்கத்துக் காயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். படகைக் கேரியரில் வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் நைலான் கயிற்றால் கட்டியிருந்தேன். கயிறு காயல் தண்ணீரில் ஊறியிருந்தது. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வந்ததும் தலைக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம். அப்புறம் டம், டம் என்று தட்டும் சத்தம். "அப்பா, படகு எட்டிப் பாக்குது" என்றாள் மகள். கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தால், படகின் மூக்கு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுகிறது. பின்னாலேயே ஒரு குடும்பம் பைக்கில் வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

மெல்ல ஓரம் கட்டி இறங்கினேன். கயிற்றுக்குள் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. நைலான் நனைந்தால் நீளும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே வைக்கோல் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நடுக்கட்டு படகு சரியாம பாத்துக்கிடும் அண்ணாச்சி. காத்து கீழ பூந்து தூக்குறத அது தாங்காது. மூக்குல ஒரு கட்டுப் போடுங்க."

அவரே ஒரு கயிறு எடுத்து வந்து கட்டியும் கொடுத்தார்.

முப்பந்தலில் அத்தனை காற்றாலை ஏன் நிற்கிறது? மலைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்கிற இடம் அது. ஏறத்தாழ 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்குக் காற்றாலைகளை அங்கே நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் நம் படகையும் தூக்குகிறது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கமும் இதே கதைதான். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லம் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அதோடு நம் வேகமும் சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடினால் காற்றின் விசை அதன் வர்க்கமாகக் கூடும். 60 கிலோமீட்டரில் ஒரு பங்கு என்றால் 80-ல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு. ஆகவே ஆனி, ஆடியில் படகோடு போனால் நான் 60-ஐத் தாண்டுவதில்லை.

மூக்குக் கட்டு போடக் காரின் முன்பக்கம் இழுவைக் கொக்கி வேண்டும். பல கார்களில் அது வெளியே தெரியாது. பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் மரை தெரியும். கொக்கி டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கும், எடுத்து முறுக்கிக்கொள்ளலாம். படகின் மூக்கிலிருந்து அந்தக் கொக்கிக்கு ஒரு கயிறு. வாலிலிருந்து பின்பக்கக் கொக்கிக்கு இன்னொன்று. தொய்வு போகிற அளவுக்கு இழுத்தால் போதும், வில்லாக வளைக்க வேண்டாம். மிச்சக் கயிற்றைத் தொங்கவிடாமல் சுற்றிச் செருகிவிடுங்கள். சக்கரத்தில் மாட்டினால் படகையே இழுத்துப் போட்டுவிடும்.

நடுக்கட்டுக்கு நான் இப்போது நைலான் கயிற்றைத் தொடுவதே இல்லை. கையால் இழுத்தால் பல் கவ்விக்கொள்ளும் பக்கிள் வைத்த பாலியஸ்டர் பெல்ட் இரண்டு வைத்திருக்கிறேன். நெம்பி நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட் லாரி லோடுக்கு நல்லது. பிளாஸ்டிக் படகை அது நசுக்கிவிடும், அதுவும் நம் ஊர் வெயிலில். சித்திரை மதியம் வெயிலில் நிறுத்திய படகின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கும். அந்த நேரத்தில் முறுக்கி இறுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றுவிடும். அதனால் படகைக் கவிழ்த்து வையுங்கள், கேரியர் கம்பியில் பழைய சைக்கிள் டியூபையோ தடித்த நுரையையோ சுற்றுங்கள், நிழலில் நிறுத்துங்கள். பெல்ட் பட்டையைத் தட்டையாக விடாமல் ஒரு திருப்பு திருப்பிக் கட்டினால் அந்த 'ம்ம்ம்' சத்தமும் அடங்கிவிடும்.

எடைக்கு வருகிறேன். காரோடு தந்த கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். சின்னக் கார்கள் பலவற்றில் அது 50 முதல் 75 கிலோவுக்குள் இருக்கும். கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. பத்தடி ஒற்றையாள் கயாக் 20, 25 கிலோ வரும். இருவர் படகு 30-ஐத் தாண்டும். ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீளத்துக்கும் இதே யோசனைதான். பத்தடி என்பது மூன்று மீட்டர் சொச்சம், நான்கு மீட்டர் காருக்குள் அடங்கிவிடும். சுமை அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கேரியர் மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படகு மேலே இருப்பதை மறந்து வீட்டு போர்டிகோவுக்குள் நுழைகிறவர்கள் உண்டு. ரயில்வே சுரங்கப்பாதையிலும் அது நடக்கும். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. கட்டு எப்போதும் முதல் பதினைந்து கிலோமீட்டரில்தான் தளரும். கன்னியாகுமரி ரோட்டில் போனால் நான் பொன்னாக்குடியில் ஒருமுறை நிறுத்துவேன். இறங்கிப் படகை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவேன். படகோடு சேர்ந்து காரும் ஆட வேண்டும். படகு மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுவேன். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், அலையைப் பார்க்க வேண்டும் என்று. காத்திருக்கட்டும்.

வணக்கம்.